ஜனாதிபதி பேசிய வெள்ளிக்கிழமை

மெல்போர்னில் நாங்கள் இறங்கிய ஆகஸ்ட் மாதக் காலையில், பரமசிவம் அண்ணன் தன் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் பயந்துபோனார். "சார், உள்ளுக்குள்ள என்னமோ எரியுது" என்றார். என் வாயிலிருந்தும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மதுரையில் பிறந்து, மதுரையிலேயே அச்சு மெஷின் ஓட்டி, ஐம்பத்து நான்கு வயதான மனிதர். மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்டினால் தீர்ந்துபோகும் குளிரைத்தான் அவர் அறிவார்.

அது 1974. எங்கள் பத்திரிகைக்குப் பழைய ரோட்டரி மெஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. மெல்போர்னில் மூடப்போகிற ஒரு அச்சகத்தில் அது நின்றது. மெஷினைப் பார்த்துச் சொல்லப் பரமசிவம் அண்ணன்தான் போக வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு மெஷின் தெரியாது. ஆகவே இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார்கள்.

எனக்கு வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை. டெலிபிரிண்டரில் இங்கிலீஷில் வந்து விழுவதைத் தமிழாக்கிக் கீழே அனுப்புவேன். பதினோரு வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதில் பாதி அமெரிக்க ஜனாதிபதிகளின் பேச்சு. வியட்நாம் என்றாலும் பாகிஸ்தான் என்றாலும் கோதுமைக் கப்பல் என்றாலும் கடைசியில் ஜனாதிபதி என்ன சொன்னார் என்பதில் வந்து நிற்கும். 'சொன்னார்' என்று வந்தால் 'சூளுரைத்தார்' என்று போடுவேன். 'கவலை தெரிவித்தார்' என்று வந்தால் 'எச்சரித்தார்' ஆகிவிடும். யாரும் என்னைக் கேட்டதில்லை. மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர் அதை உரக்க வாசிக்க, மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஜனாதிபதிகளின் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அச்சகம் நகரத்துக்கு வடக்கே இருந்தது. முதல் நாளே டிராமைத் தப்பான பக்கம் ஏறிவிட்டோம். பச்சை நிற டிராம், மரப் பெஞ்சு, தோல் பை மாட்டிய கண்டக்டர். சென்னையில் டிராம் நின்று இருபது வருடம் ஆகிறது, இங்கே இன்னும் ஓடுகிறதே என்று நான் பரமசிவம் அண்ணனுக்கு வியந்து சொல்லிக்கொண்டு வந்ததில் எந்தப் பக்கம் போகிறோம் என்று கவனிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே கடல். "மெஷின எதுக்கு சார் கடற்கரையில வச்சிருக்கானுக?" என்று கேட்டார் பரமசிவம் அண்ணன்.

கண்டக்டர் கிரேக்கர். எங்களைச் சாலையின் மறுபக்கம் வரை கூட்டிக்கொண்டுபோய், திரும்பிப் போகிற டிராமுக்கு நிறுத்திவிட்டு, அது வரும்வரை கூடவே நின்று பேசினார். என்ன வேலை என்று கேட்டார். பத்திரிகை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏழு வருஷம் எங்கள் ஊர் ரேடியோவில் ராணுவ அதிகாரிகள் பேசினார்கள். போன மாதம்தான் தொலைந்தார்கள்" என்றார். "என் அம்மா இன்னும் அழுகிறாள். எதற்கு என்று கேட்டால், அந்தக் குரல் பழகிவிட்டதாம்." அவர் சிரித்தபடிதான் சொன்னார். டிராம் வந்துவிட்டது.

அச்சகத்தில் மூன்று நாள் இருந்தோம். பரமசிவம் அண்ணன் முதல் நாள் மெஷினைத் தொடவே இல்லை, சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் நாள் அதன் உடம்பில் காதை வைத்து, ஓட்டச் சொல்லிக் கேட்டார். அங்கிருந்த தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒரு இடத்தைத் தட்டிக் காட்ட, கழற்றிப் பார்த்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருந்தது. அதிலிருந்து அவருக்கு டீ முதலில் வந்தது, எனக்குப் பிறகுதான் வந்தது.

டீயோடு ரொட்டி தருவார்கள். ரொட்டியில் ஒரு கறுப்புப் பசை. நான் ஜாம் என்று நினைத்துக் கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டேன். பரமசிவம் அண்ணன் நிதானமாக மென்று விழுங்கி, "உப்புப் போட்ட கிரீஸ்" என்று தீர்ப்புச் சொன்னார். மதியம் உள்ளே கறிக்குழம்பு அடைத்த மாவுப் பண்டம் ஒன்றைச் சுடச்சுட கையில் பிடித்துத் தின்கிறார்கள். எப்படிக் கடித்தாலும் சட்டையில் ஒழுகும். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் இரண்டு.

வேலைக்கு நடுவே எல்லோரும் ரேடியோவுக்குக் காது கொடுத்தபடி இருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவி விலகுவாரா மாட்டாரா என்பதுதான் பேச்சு. பந்தயம்கூட நடந்தது. தங்கள் பிரதமரைப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனைப் போலப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த ஊரில் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் தேர்தல் நடந்திருக்கிறது. சுவர்களில் ஒரு எழுத்து இல்லை. மைதானங்களில் மேடை போட்ட குழி இல்லை. எங்கள் ஊரில் மைக்கைப் பிடித்தவர்கள்தான் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுக்குமொழிக்காக மூன்று மணி நேரம் மணலில் உட்கார்ந்து கேட்கிற ஜனங்கள் நாங்கள். "இங்கே யாரும் பேசுவதில்லையா?" என்று மெஷின் பார்த்துக்கொண்டிருந்த பில் என்பவரிடம் கேட்டேன்.

"பேசுவார்கள். டெலிவிஷனில்" என்றார் பில். "பத்து நிமிஷத்துக்கு மேல் ஒருவன் பேசினால், எதையோ விற்கப் பார்க்கிறான் என்று எழுந்து போய்விடுவோம்."

"பத்து நிமிஷத்துக்குள் விற்றுவிட்டால்?"

அவர் யோசித்தார். "அப்போது வாங்கிவிடுவோம்" என்றார்.

மெஷின் சரி, ஆனால் உருளைகள் புதிதாக வேண்டும், அவை சிட்னியில்தான் கிடைக்கும் என்று ஆனது. புதன்கிழமை பகல் ரயிலில் கிளம்பினோம். வழியில் மழையால் தண்டவாளம் கெட்டு ஒரு குட்டி ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் நின்றோம். ஒருவரும் கத்தவில்லை. சீட்டுக்கட்டை எடுத்தார்கள். இதுவே நம் ஊராக இருந்தால் என்று நான் ஆரம்பிக்க, பரமசிவம் அண்ணன், "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் சுண்டல் வந்திருக்கும்" என்றார். பசியில் அது நியாயமாகவே பட்டது.

சிட்னியில் சிவஞானம் வீட்டில் தங்கினோம். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சென்னையில் என்னோடு படித்தவரின் தம்பி. லிட்கம் என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை எடுத்திருந்தார். ரயில்வேப் பட்டறையில் பிற்பகல் முறை வேலை. "வாங்கோ அண்ணை, வாங்கோ ஐயா, இந்தக் கதிரையில இருங்கோ" என்று எங்களை உட்காரவைத்துவிட்டுக் குசினிக்குள் போனவர், கோதுமை மாவைக் கொட்டிக் கிண்டி அரை மணியில் புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவந்தார். பரமசிவம் அண்ணன் சொதியைக் குடித்தார், பிறகு கேட்டு வாங்கிக் குடித்தார். "தம்பி, இதுக்குப் பேரு என்ன?" சிவஞானம் சொன்னார். "இது இல்லாமயா நாங்க இத்தன வருசம் இருந்தோம்" என்றார் பரமசிவம் அண்ணன்.

வீட்டுக்காரம்மா திருமதி கோல். அறுபதை ஒட்டிய வயது, கணவர் இல்லை. முன்பக்கத்தில் தனியாக இருந்தார். வியாழக்கிழமை மாலை எங்களைத் தேநீருக்கு அழைத்தார். அவருடைய முன்னறையில் டெலிவிஷன் பெட்டிக்கு மேலே இரண்டு படங்கள் சட்டமிட்டுத் தொங்கின. ஒன்று ராணுவ உடையில் ஓர் இளைஞன். மற்றொன்று பத்திரிகையிலிருந்து வெட்டியது: திறந்த கார், கூட்டம், வானத்திலிருந்து காகிதத் துண்டுகள். பத்திரிகை வெட்டு என்றதும் நான் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

"எட்டு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க ஜனாதிபதி சிட்னிக்கு வந்தார்" என்றார் திருமதி கோல். "இப்போது இருப்பவர் அல்ல, அதற்கு முந்தியவர். நானும் ஆலனும் காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். இதோ, இந்தத் தொப்பி நான்தான்." கூட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். "போர் வேண்டாம் என்று சில பேர் காருக்கு முன்னால் ரோட்டில் படுத்துக்கொண்டார்கள். எழுந்திருங்கள், வெட்கமாக இல்லையா என்று நான் கத்தினேன். நான் அப்படிக் கத்துகிறவள் இல்லை."

"அவர் என்ன பேசினார்?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

அவர் கோப்பையைக் கீழே வைத்து யோசித்தார். "ரேடியோவில்கூடக் கேட்டேன். இப்போது ஒரு வார்த்தை நினைவில் இல்லை. குரல் நினைவிருக்கிறது. நம்மை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கிற மாதிரி இருக்கும். எங்கள் பிரதமரும் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தேர்தல். போர் வேண்டும் என்றவர்களுக்கே போட்டேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான்."

ஆலனைப் பற்றி அவர் அன்று அதிகம் சொல்லவில்லை. பிறகு சிவஞானம்தான் சொன்னார். வியட்நாம் போரின்போது இங்கே இருபது வயதுப் பையன்களின் பிறந்த தேதியைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்களாம். தேதி வந்தால் ராணுவத்துக்குப் போக வேண்டும். ஆலனுடையது வந்தது. போகமாட்டேன், கோர்ட்டுக்குப் போய்ச் சொல்வேன் என்றிருக்கிறான். தாயும் மகனும் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் வாதாடியிருக்கிறார்கள். கடைசியில் போனான். "உயிரோட வந்திட்டான். ஆனா வந்து ஒரு மாதத்தில பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்" என்றார் சிவஞானம். "ஹெலன்ஸ்பர்க்கில நிலக்கரிச் சுரங்கத்தில வேலை. ஒரு மணித்தியால ஓட்டம்தான். அஞ்சு வருசமா இந்த வாசல் மிதிக்கேல்லை. கிறிஸ்மஸுக்கு ஒரு கார்ட் வரும். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை ஜனாதிபதி பேசப்போகிறார் என்று ரேடியோ சொன்னது. அங்கே வியாழன் இரவு, இங்கே வெள்ளி பகல் பதினோரு மணி. திருமதி கோல் எங்கள் மூவரையும் முன்னறைக்கு அழைத்தார். பரமசிவம் அண்ணன் வாழ்நாளில் டெலிவிஷனைப் பார்த்ததில்லை. நானும்தான், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தேன். உலகத்தின் அந்தக் கோடியில் ஒருவர் வாயைத் திறக்கிறார், இங்கே லிட்கம்மில் அதே நொடியில் கேட்கப்போகிறோம் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர். கையில் காகிதங்கள். பேச ஆரம்பித்தார்.

"என்ன சார் சொல்றாரு?" பரமசிவம் அண்ணன் என் காதருகே குனிந்தார்.

நான் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சட்டசபையில் தனக்குப் போதிய ஆதரவு இல்லை என்கிறார். நாளை நண்பகலோடு விலகுகிறார். சொல்லச் சொல்ல என்னையறியாமல் என் வாக்கியங்கள் நிமிர்ந்தன. பழக்கம். முழங்கினேன் என்றே சொல்ல வேண்டும். பரமசிவம் அண்ணன் என் கையைத் தொட்டார்.

"சார், அவரு சாதாரணமாத்தான பேசுறாரு. நீங்க எதுக்குக் குரல ஒசத்துறீங்க?"

நான் நிறுத்தினேன். பெட்டியைப் பார்த்தேன். ஒரு வயதானவர் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். மேலுதட்டில் வியர்வை இருந்ததோ இல்லையோ, எனக்கு இருப்பதுபோல் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் சொன்னதை மட்டும் சொல்ல முயன்றேன். எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதை எழுதினால் நம்பமாட்டார்கள். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் என்னிடம் இரண்டு அடைமொழிகள் தயாராக நின்றன.

"நம்ம பேப்பர்ல சிங்கம் கணக்கா இருப்பாரு" என்றார் பரமசிவம் அண்ணன். குற்றமாகச் சொல்லவில்லை. பல வருடங்களாக அவர் கையால் அச்சாகிப் போன சிங்கத்தைத் தேடினார், அவ்வளவுதான்.

ஜனாதிபதி தாம் செய்தவற்றைச் சொன்னார். சமாதானத்தைப் பற்றிச் சொன்னார். நீண்ட போர் முடிவுக்கு வந்ததைச் சொன்னார். அப்போது திருமதி கோல் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அறிவிப்பாளர் ஏதோ விளக்க வந்தார். திருமதி கோல் எழுந்து பெட்டியை அணைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் வார்த்தை வார்த்தையாகக் கேட்டீர்கள். போர் முடிந்தது என்று சொன்னார் அல்லவா? அது எதற்காக நடந்தது என்று சொன்னாரா?"

"இல்லை" என்றேன்.

"எனக்குத்தான் கேட்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். சிவஞானம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். காரும் கூட்டமும் இருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் உள்ளே எங்கோ வைத்தார். சுவரில் சட்டத்தின் அளவுக்கு வெளுத்த சதுரம் தெரிந்தது. ராணுவ உடைப் படத்தையும் பார்த்தார். அதைத் தொடவில்லை. "தேநீர் ஆறிவிட்டது, வேறு போடுகிறேன்" என்று போய்விட்டார்.

அன்று மாலையே எங்கள் ஆசிரியரிடமிருந்து தந்தி. ஜனாதிபதி விலகியது பற்றி ஆஸ்திரேலிய மக்களின் கருத்தைத் திரட்டி அனுப்பவும். சனிக்கிழமை காலை உருளைகளைப் பார்த்து முடித்துவிட்டு, நான் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு துறைமுகப் பக்கம் போனேன். படகுத் துறையில் நின்ற ஒரு குமாஸ்தா, "அவர் வீழ்ச்சிக்கு அவரே காரணம், ஆனால் பெருமையோடு போனார்" என்றார். நல்ல வாக்கியம் என்று எழுதிக்கொண்டேன். வறுத்த மீன் விற்ற அம்மாள், ஒரு கையால் மீனைப் புரட்டிக்கொண்டே, "அவர் வீழ்ச்சிக்கு அவரேதான் காரணம். ஆனாலும் பெருமையோடு போனார்" என்றாள். புதிய இசைமண்டபத்தின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன், நெடுநேரம் யோசிப்பது போல் கடலைப் பார்த்துவிட்டு, அதையே சொன்னான்.

மீன் சுற்றித் தந்த காகிதத்தைப் பிரித்தேன். அன்றைய காலைப் பத்திரிகை. எண்ணெய்க் கறைக்கு நடுவே, மேல் வரிசையில், பெரிய எழுத்தில் அந்த வாக்கியம் இருந்தது.

யார் எழுதியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். என்னைப் போல ஒருவன். நேற்று மதியம், அவசரத்தில், டீ ஆறிக்கொண்டிருக்க, வாக்கியம் சரியாக விழுந்ததில் திருப்தியோடு கீழே அனுப்பியிருப்பான். இப்போது இந்த ஊர் முழுவதும் அதைத் தன் சொந்தக் கருத்தாக வைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று பேரிடமும் பொய் இல்லை. மூவரும் அதை நம்பித்தான் சொன்னார்கள். மீன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திருமதி கோல் நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றார். "சிவா, ஹெலன்ஸ்பர்க் வரை என்னைக் கொண்டுபோய் விடுவாயா?" என்றார். சிவஞானம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஓம், இப்பவே வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார். எங்களையும் வரச் சொன்னார் திருமதி கோல். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்றார்.

கார் பழையது. நகரம் தாண்டிக் காட்டுப் பாதையில் ஏறும்போது முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கி நின்றோம். இரண்டு பக்கமும் பட்டை உரிந்த வெள்ளை மரங்கள், ஒரு பறவை யாரையோ கேலி செய்வது போலக் கத்திக்கொண்டிருந்தது. பரமசிவம் அண்ணன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே குனிந்தார். தண்ணீர்க் குழாயில் விரிசல். எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் அச்சக நாடாவால் அதை இறுக்கிச் சுற்றினார். "மதுரைக்கே போகலாம்" என்றார். திருமதி கோல் ரோட்டோரம் நின்று ஒரு காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மகனிடம் சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. கார் கிளம்பியதும் அதை நான்காகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆலனின் வீடு மரத்தால் ஆன சின்ன வீடு, காட்டின் விளிம்பில். அவர் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். படத்தில் பார்த்த இளைஞன் இல்லை. நெற்றி ஏறியிருந்தது. கண்களின் ஓரத்தில் கரித்தூள், கழுவினாலும் போகாதது. கோடரியைக் கட்டையில் செருகிவிட்டு, "அம்மா" என்றார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"டெலிவிஷனில் பார்த்தாயா?" என்று கேட்டார் திருமதி கோல்.

"என்னிடம் இல்லை. சுரங்கத்தில் சொன்னார்கள்."

நானும் சிவஞானமும் விலகிப் போகலாம் என்று நினைத்தோம், ஆனால் போக இடமில்லாதபடி வாசலிலேயே நின்றிருந்தோம்.

"நான்தான் உன்னைப் போகச் சொன்னேன்" என்றார் தாய். "மூன்று நாள் சொன்னேன். அதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை. அது உனக்குத் தெரியுமா? எல்லாம் அவர்கள் சொன்னது."

"தெரியும். நானும் அன்றைக்கு உன் பக்கத்தில்தானே நின்றேன். எனக்கும் அந்தக் குரல் பிடித்திருந்தது" என்றார் ஆலன். "தேதி வந்த அன்றே போவதென்று பாதி முடிவு செய்துவிட்டேன்."

"அப்படியானால் ஏன் மூன்று நாள் வாதாடினாய்?"

அவர் கட்டையைப் பார்த்தபடி சொன்னார். "நீ தடுப்பாய் என்று நினைத்தேன்."

பரமசிவம் அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான் தொட்டார். நான் திரும்பினேன். அவர் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், புரியுது" என்றார். பிறகு நேராகப் போய், சிதறிக் கிடந்த விறகுகளைப் பொறுக்கி, சுவரோரம் அடுக்க ஆரம்பித்தார். செய்ய அது ஒன்றுதான் இருந்தது. நானும் சிவஞானமும் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

எங்களுக்குப் பின்னால் அவர்கள் பேசியது துண்டு துண்டாகக் கேட்டது. அந்த அறையில், அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தன்னால் சாப்பிட முடியவில்லை என்றார் ஆலன். வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு அடுத்து என்னைக் காட்டுவாய், நான் அதற்குப் பொருத்தமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருப்பாய் என்றார். கழற்றிவிட்டேன் என்றார் தாய். எப்போது என்றார் மகன். வெள்ளிக்கிழமை. அதற்கு மகன் சிரித்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே அழைத்து டீ கொடுத்தார். ஒரே ஒரு நாற்காலி. அதில் தாயை உட்காரவைத்துவிட்டு நாங்கள் எல்லாரும் நின்று குடித்தோம். விறகு அடுக்கிய விதத்தைப் பார்த்து ஆலன் பரமசிவம் அண்ணனிடம் ஏதோ கேட்க, அவர் தமிழில் ஏதோ பதில் சொல்ல, இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். என்னை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

கிளம்பும்போது சிவஞானம் எஞ்சினைக் கிளப்பிவிட்டார், அது இருமிக்கொண்டு நின்றது. ஆலன் ஜன்னலில் குனிந்து தாயிடம் ஒன்று சொன்னார். அவர் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, கார் நகர்ந்தது.

இரண்டு மைல் போனதும் திருமதி கோல் பின்சீட்டில் இருந்த என்னிடம் திரும்பினார். "எஞ்சின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீங்கள் வார்த்தைகளில் வேலை செய்கிறவர். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றான். இந்தச் சனிக்கிழமை என்றானா, ஒரு சனிக்கிழமை என்றானா?"

எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை. அவருடைய முகம் மிக அருகில் இருந்தது. இந்தச் சனிக்கிழமை என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும். பதினோரு வருடமாக அதைவிடப் பெரிய மாற்றங்களைக் கண்ணிமைக்காமல் செய்திருக்கிறேன். அந்த அம்மாள் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பார். நாங்கள் செவ்வாய்க்கிழமை போய்விடுவோம்.

"ஒரு சனிக்கிழமை என்றார்" என்றேன்.

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அப்படியானால் எல்லாச் சனிக்கிழமையும் சமைக்க வேண்டியதுதான்" என்றார்.

திங்கட்கிழமை என் கட்டுரையைத் தந்தியில் அனுப்பினேன். மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னதையும், ஒரு அம்மாள் போர் எதற்காக என்று கேட்டதையும் எழுதியிருந்தேன். ஊர் திரும்பிப் பழைய பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். இடமில்லை என்று இரண்டையும் வெட்டிவிட்டு, 'அதிர்ச்சியில் உறைந்தது ஆஸ்திரேலியா' என்று நான்கு பத்தித் தலைப்புப் போட்டிருந்தார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "ஆஸ்திரேலியாவே உறைஞ்சுபோச்சாமே சார்?" என்று கேட்டார்கள். நல்ல குளிர்தான் என்றேன்.

தீபாவளி சமயத்தில் சிவஞானத்திடமிருந்து கடிதம் வந்தது. மெஷின் கப்பலேறியதைப் பற்றி ஒரு பக்கம், பரமசிவம் ஐயாவின் நாடா இன்னும் இளகவில்லை என்று ஒரு வரி. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"மிஸிஸ் கோல் சொன்னபடியே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுப்புக்குள் வாட்ட வைக்கிறா. மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவா. பத்துச் சனிக்கிழமையாக நான்தான் சாப்பிட்டனான், கொஞ்சம் உடம்பும் வைத்துவிட்டது. போன சனிக்கிழமை எனக்கு ஒன்றும் மிஞ்சேல்லை."